சூரியன், சந்திரன், கோள்கள் நிற்கும் இடத்தை நாமே நிரல் எழுதிக் கணிப்பது: சில ஐயங்கள்

தகடூரான் (தருமபுரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்து மாணவர்கள், ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் தருமபுரி வானத்தில் சூரியன் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைக் கணிக்கும் நிரல் ஒன்றை எழுதி வருகிறார்கள். சூரியத் தகட்டை வெயிலின் பக்கம் தானாகத் திருப்பும் சிறு கருவியில் அதைப் பொருத்த வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. மடிக்கணினியில் பைத்தானில் எழுதிய நிரல் ஏற்கத்தக்க விடை தருகிறது. அதையே வரி பிசகாமல் ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணிப்பொறிப் பலகைக்கு மாற்றி எழுதினால் சூரியன் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று வானத்தின் கால் பங்கு தூரம் தாவுகிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டுத் திரையில் எண்களை மட்டும் பார்த்தாலும் இதே நிலைதான்.

இரண்டாவது ஐயம், சூரிய உதயம் பற்றியது. 2025 ஏப்ரல் 22ஆம் நாளுக்கு எங்கள் நிரல் காலை 6.05 என்கிறது, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியோ பத்து நிமிடத்துக்கும் மேல் முந்திய நேரத்தைச் சொல்கிறது. மூன்றாவதாக, சந்திரனையும் சேர்த்துத் திதியைக் கணிக்கலாம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஆனால் பழைய மரபில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தமக்குள்ளேயே மணிக்கணக்கில் வேறுபடும்போது எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஊத்தங்கரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் சூத்திரத்தில் குற்றமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணை வைத்திருக்கும் பெட்டி சிறியது என்பதே நோயின் மூலம்.

யூனோவில் ஒரு பின்ன எண்ணுக்கு நான்கு பைட் இடம்தான் உண்டு. ‘டபுள்’ என்று அறிவித்தாலும் அந்தப் பலகையில் அதே நான்கு பைட்தான் கிடைக்கும் என்பதால், பைத்தானில் பதினைந்து இலக்கத்துக்கு மேல் தாங்கிய எண் இங்கே ஏறத்தாழ ஏழு இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. நீங்கள் எல்லோரையும் போல ஜூலியன் நாள் எண்ணில் தொடங்கியிருப்பீர்கள். கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலிலிருந்து தொடர்ச்சியாக எண்ணப்படும் அந்த எண், ஏப்ரல் 22 பகல் 12.16க்கு 2460787.78194 ஆகும். முழு எண் பகுதிக்கே ஏழு இலக்கம் தீர்ந்துவிட்டது. 2097152 முதல் 4194304 வரையிலான எண்களுக்கு நான்கு பைட்டில் அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய இடைவெளி 0.25. கால் நாள் என்பது ஆறு மணி நேரம். உங்கள் சூரியன் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாவுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2000 ஜனவரி 1 நண்பகலின் எண்ணாகிய 2451545ஐக் கழித்துவிட்டு 9242.78194 நாள் என்று வைத்துக்கொண்டால் பாதி நோய் தீரும். அந்த அளவிலான எண்ணுக்கு இடைவெளி ஒரு நாளில் 1024இல் ஒரு பங்கு, அதாவது 84 விநாடி. சூரியன் விண்மீன்களின் நடுவே நகரும் வேகத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. பூமியின் சுழற்சிக்குத்தான் போதாது. விண்மீன்களை வைத்துப் பூமியின் சுழற்சியை அளக்கும் கிரீனிச் விண்மீன் நேரத்தைக் கணிக்க நாள் எண்ணை 360.98564737 பாகையால் பெருக்கும்போது விடை 33 லட்சத்தைத் தாண்டுவதால், மறுபடியும் கால் பாகைப் படிக்கட்டில் வந்து நிற்கிறோம்.

ஆகவே நாள் எண்ணை இரண்டாகப் பிரித்து வையுங்கள். 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து அன்றைய நண்பகல் வரை கடந்த முழு நாட்களை முழு எண்ணாகவே கணியுங்கள். இந்த எடுத்துக்காட்டில் அது 9243. உலக நேர நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளை 86400ஆல் வகுத்து, 0.5ஐக் கழித்தால் கிடைப்பது நாளின் பின்னம். விண்மீன் நேரம் பாகையில் 280.46062 உடன், 0.98564737ஐ முழு நாட்களாலும் 360.98564737ஐப் பின்னத்தாலும் பெருக்கிச் சேர்த்தது. ஒவ்வொரு முழு நாளுக்கும் உரிய 360 பாகை முழுச் சுற்றாக உதிர்ந்துவிடுவதால் பெரிய எண் எங்குமே தலைகாட்டாது.

சூரியனுக்கு நீங்கள் பயன்படுத்த வேண்டிய சூத்திரமும் எளியதுதான். சூரியன் தன் வான்பாதையில் எங்கே நிற்கிறது என்று காட்டும் கோணமே நெட்டாங்கு; அதன் சராசரி 280.459 + 0.98564736 × நாள் (நாள் என்பது மேலே கண்ட 9242.78194 போன்ற எண்). பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளியிலிருந்து அளக்கும் சராசரிக் கோணம் 357.529 + 0.98560028 × நாள். இந்தக் கோணத்தின் சைனை 1.915ஆலும், அதன் இருமடங்கின் சைனை 0.020ஆலும் பெருக்கிச் சராசரி நெட்டாங்கோடு கூட்டினால் உண்மை நெட்டாங்கு வரும்; நம் காலத்துக்கு முன்னும் பின்னும் இரு நூற்றாண்டுகளுக்குப் பிழை ஏறத்தாழ பாகையின் நூறில் ஒரு பங்குதான். மேற்சொன்ன நேரத்துக்குச் சராசரி நெட்டாங்கு 30.583, உண்மை நெட்டாங்கு 32.400, வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணமாகிய நடுவரை விலக்கம் வடக்கே 12.30 பாகை என்று எனக்கு வருகிறது. மாணவர்கள் ஒவ்வொரு படியிலும் இந்த எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். இறுதி விடையை மட்டும் பார்த்தால் பிழை எந்த வரியில் நுழைந்தது என்று தெரியாது.

உதயம் பற்றி. 6.05 என்பது சூரியனின் நடுப்புள்ளி கணக்குப்படி தொடுவானத்தைத் தொடும் நேரம். காற்று மண்டலம் ஒளியை வளைத்துத் தொடுவானத்தருகே சூரியனை ஏறத்தாழ 34 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) தூக்கிக் காட்டுகிறது. மேல்விளிம்பு தெரிவதைத்தான் உதயம் என்கிறோம், அதற்கு இன்னொரு 16 கலை. ஆகவே உயரத்தைப் பூச்சியம் என்று வைக்காமல் குறை 0.833 பாகை என்று வைத்தால் தருமபுரிக்கு 6.02 வரும். மீதி வேறுபாடு ஊரால் வருவது. உங்கள் நாட்காட்டி சென்னைக்குக் கணித்ததாக இருந்தால் அங்கே அன்று உதயம் 5.52, இரண்டு ஊர்களின் நெட்டாங்கு (தீர்க்கரேகை) வேறுபாடு மட்டுமே எட்டு நிமிடத்துக்கு மேல்.

அரூர் (கல்லூரி மாணவி)

ஐயா சொன்னதோடு யூனோவுக்கே உரிய இரண்டு கண்ணிகளைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பலகையில் சாதாரண முழு எண் 32767க்கு மேல் போகாது. பத்து மணியை 3600ஆல் பெருக்கினால் 36000. அது எச்சரிக்கை ஏதுமின்றி எதிர்ம எண்ணாகிவிடும். விநாடிக் கணக்கு முழுவதையும் நீள முழு எண்ணில் செய்ய வேண்டும். பெருக்குகிற இரண்டில் ஒன்றாவது அந்த வகையில் இருக்க வேண்டும். விடையை மட்டும் பெரிய பெட்டியில் போட்டால் பயனில்லை.

அடுத்தது, கோணத்தை 360ஆல் வகுத்து மீதி காண்பது. பைத்தானில் குறை 30ஐ 360ஆல் வகுத்த மீதி 330. சி மொழியின் மீதிச் சார்பில் அது குறை 30 ஆகவே நிற்கும். வரி பிசகாமல் மாற்றி எழுதியதால்தான் இங்கே விடை பிசகும். வான நடுக்கோட்டின் வழியே அளக்கும் வல ஏற்றத்துக்கும், தொடுவானத்தின் வழியே அளக்கும் திசைக்கோணத்துக்கும் நேர்மாறு டேன்ஜன்ட் எடுக்கும்போது, விகிதம் ஒன்றை மட்டும் வாங்கும் சார்பை விட்டுவிட்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியே வாங்கும் சார்பைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பிற்பகல் சூரியன் கிழக்கே போய் நிற்கும்.

ஓசூர்ப் பொறியாளர்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பைத்தானில் ஸ்கைஃபீல்டு என்ற நிரலகம் இலவசமாகக் கிடைக்கிறது. நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் வெளியிடும் டி.இ.440 கோள்நிலைக் கோப்பை அதற்குக் கொடுத்தால், 1550 முதல் 2650 வரை எந்த நாளுக்கும் கோள்களின் இடத்தை, நம் பள்ளித் தேவைக்குப் பிழையே இல்லை என்று சொல்லத்தக்க அளவில் பெறலாம். விண்கலங்களை வழிநடத்தும் கணக்கு கையருகே இருக்கும்போது நூற்றில் ஒரு பாகைச் சூத்திரத்தோடு மாணவர்கள் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? யூனோவுக்கு மாற்றாக எட்டு பைட் பின்ன எண்ணைத் தாங்கும் இ.எஸ்.பி.32 பலகையை வாங்கினால் முதல் ஐயமும் எழாது.

ஊத்தங்கரை

பலகையை மாற்றச் சொன்னது நல்ல யோசனை. நிரலகம் பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. வெயிலைத் தேடும் தகட்டுக்கு ஒரு பாகை பிழையே தாங்கும். நூற்றில் ஒரு பாகை தரும் ஐந்து வரிச் சூத்திரம் போதுமான இடத்தில் பெருங்கோப்பைச் சுமக்க வேண்டியதில்லை. கோள்களுக்கு வரும்போது நீங்கள் சொல்வதற்கு வலு கூடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீள்வட்டப் பாதையின் ஆறு எண்களை எடுத்துக்கொண்டு, கெப்ளர் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்த்து மாணவர்களே கோள்களைக் கணிக்கலாம். நீள்வட்டத்தின் நீட்சியைக் காட்டும் மையத்தொலைத் தகவு 0.2056 உள்ள புதனுக்குக்கூட நியூட்டன் முறையில் சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும். செவ்வாய் வரை பிழை ஒரு கலைக்குள் அடங்கும். வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதால் அங்கே தனித்தனி நீள்வட்டக் கணக்கு பல கலை அளவுக்குத் தவறும். 2020 டிசம்பர் 21 மாலையில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஆறு கலை இடைவெளியில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். எளிய நிரலின் பிழையே அந்த இடைவெளி அளவுக்கு இருக்கும் என்பதால், எது மேலே எது கீழே என்பதைக்கூட அது மாற்றிச் சொல்லக்கூடும். வியாழன் ஐந்து சுற்று வரும் காலத்தில் சனி ஏறத்தாழ இரண்டு சுற்று வருவதே இந்தத் தடுமாற்றத்தின் வேர் என்று 1785இல் லாப்லாஸ் கண்டறிந்தார்.

நிரலகத்தை விடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். வினாவை மாணவர்களே போடட்டும்.

பாலக்கோடு

மூன்றாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கமும் வாங்குவோம் என்பதால் இந்தப் பிணக்கு எனக்குப் பழக்கமானது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அயனாம்சம்தான் (ராசிகளின் தொடக்கம் வசந்த சமநாள் புள்ளியிலிருந்து விலகியிருக்கும் கோணம்) காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். திதியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. சந்திரனின் நெட்டாங்கிலிருந்து சூரியனின் நெட்டாங்கைக் கழித்து 12 பாகையால் வகுப்பதே திதி. இரண்டிலிருந்தும் ஒரே அயனாம்சத்தைத்தான் கழிக்கிறோம் என்பதால் வேறுபாடு காணும்போது அது தானாகவே அடிபட்டுவிடுகிறது. நட்சத்திரத்துக்கும் ராசிக்கும் மட்டுமே அயனாம்சம் வேண்டும். மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று வகுத்ததைத் தொடர்ந்தால் இப்போது 24 பாகையைச் சற்றுத் தாண்டும்.

உண்மையான காரணம் சந்திரனின் ஓட்டத்தில் இருக்கிறது. சந்திரனுக்குச் சூத்திரம் எழுதும்போது முதலில் வரும் திருத்தம் 6.289 பாகை; சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் புள்ளியிலிருந்து அளந்த கோணத்தின் சைனால் அதைப் பெருக்க வேண்டும். அடுத்தது 1.274 பாகை, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தின் இருமடங்கிலிருந்து முந்திய கோணத்தைக் கழித்து வருவதன் சைனோடு பெருக்குவது. மூன்றாவது 0.658 பாகை, அந்த இடைக்கோணத்தின் இருமடங்குக்கு உரியது. இப்போது மாணவர்களைத் தாளில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இடைக்கோணத்தின் இருமடங்கு முழுச் சுற்றாகிவிடுவதால் இரண்டாவது திருத்தம் முதலாவதற்கு எதிராகத் திரும்பி, 6.289இலிருந்து 1.274 போக 5.015 மிஞ்சுகிறது. அட்டமியை ஒட்டி அதே திருத்தம் முதலாவதோடு சேர்ந்துகொண்டு 7.563 ஆகிறது.

பழைய வானியல் நூல்களாகிய சித்தாந்தங்கள் சந்திரனுக்கு ஒரே ஒரு திருத்தத்தைத்தான் வைத்தன. அதன் உச்ச அளவு ஏறத்தாழ ஐந்து பாகை. அதாவது, கிரகணங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கணக்கு கிரகண நாட்களுக்கு எது சரியோ அதையே பிடித்திருக்கிறது. ஆரியபட்டரின் சூரியத் திருத்தம் 1.915 ஆக இல்லாமல் 2.1ஐச் சற்றுத் தாண்டி இருப்பதற்கும் இதே விளக்கம் பொருந்துகிறது என்பது என் துணிபு. சந்திரனின் ஆண்டுத் திருத்தமான 0.186 பாகை கிரகணத்தின்போது சூரியனுடையதோடு கலந்தே தெரியும்; இரண்டையும் கூட்டினால் 2.101.

வாக்கியப் பஞ்சாங்கம் இந்த மரபில் வந்தது. சந்திரன் ஒன்பது முறை அண்மைப் புள்ளிக்குத் திரும்ப 247.99 நாள் ஆவதால், 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களை வரருசியின் பெயரால் வழங்கிவரும் பட்டியலாக மனப்பாடம் செய்து, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் சந்திரனின் இடத்தை எடுத்தார்கள். நிரலாளர் கண்ணுக்கு இது முன்கூட்டியே கணித்து நினைவில் ஏற்றிவைத்த அட்டவணை. அட்டமியில் 7.563க்குப் பதில் ஐந்து என்று கொண்டால் இரண்டரைப் பாகை குறைகிறது. சந்திரன் சூரியனை விட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 12.19 பாகை விலகுவதால் அது ஐந்து மணி நேரம். உங்கள் நிரலில் முதல் திருத்தத்தை மட்டும் 5 என்று வைத்து ஒருமுறையும், எல்லாத் திருத்தங்களோடும் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பஞ்சாங்கங்களும் எந்தத் திதியில் நெருங்கி எந்தத் திதியில் விலகுகின்றன என்பது வரைபடமாகவே கிடைக்கும்.

ஓசூர்ப் பொறியாளர்

விளக்கம் சுவையாக இருக்கிறது. ஆயினும் ஒரே திருத்தத்தை வைத்துக்கொண்டு கிரகணம் சரியாக வந்தது என்பதை எண்ணோடு காட்டினால்தான் ஏற்பேன். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற வகையான பேச்சு இணையத்தில் போதுமான அளவு இருக்கிறது.

பாலக்கோடு

நியாயமான கேள்வி. 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கியும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லியும் அவ்வாண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார். (நம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கோலாரில் தங்கம் கிடைப்பதை 1802இல் தேடிக் கண்டவரும் இவர்தான், பின்னர் சென்னை வான் ஆய்வகத்தின் பொறுப்பிலும் இருந்தார்.) அந்தச் சோழிக் கணக்கு உண்மை நேரத்திலிருந்து தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் தவறியது. எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கிரகணத்தில் அரை மணியும் அட்டமியில் ஐந்து மணியும் தவறும் கணக்கு அது. விடுபட்ட மூன்று திருத்தங்களையும் 19ஆம் நூற்றாண்டில் ஒடிசாவின் சமந்த சந்திரசேகரர், தாமே செய்துகொண்ட கருவிகளால் வானத்தை அளந்து மரபு முறைக்குள்ளேயே சேர்த்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஓசூர்ப் பொறியாளர்

ஏற்கிறேன். கிரகணம் வரை போவதானால் மாணவர்களுக்கு ஒரு செய்தி: பூமியின் சுழற்சியைப் பின்பற்றும் உலக நேரமும், கோள் கணக்குக்குரிய சீரான நேரமும் இப்போது ஏறத்தாழ 69 விநாடி வேறுபடுகின்றன. அதற்குள் சூரியன் மூன்று விகலைகூட (ஒரு கலைக்கு 60 விகலை) நகராது. சந்திரன் 38 விகலை நகர்ந்துவிடும். தகட்டுக்கு இதை மறந்துவிடலாம், கிரகணத்துக்கு மறக்கக் கூடாது. நாம் நிற்கும் இடத்தால் சந்திரன் ஒரு பாகையளவு இடம் மாறித் தோன்றுவதையும் அப்படியே.

தகடூரான் (தருமபுரி)

அனைவருக்கும் நன்றி. நாள் எண்ணை இரண்டாகப் பிரித்து, விநாடிகளை நீள முழு எண்ணில் வைத்தபின் யூனோவில் சூரியன் சீராக நகர்கிறது, 32.40 பாகையும் வந்துவிட்டது. அரூர்த் தங்கை சொன்ன 36000 கண்ணியும் உள்ளே இருந்தது. திதி வரைபடத்தை மாணவர்கள் பைத்தானில் தொடங்கிவிட்டார்கள்.

இனி வானத்தோடு நேரடியாகச் சரிபார்க்க எது நல்ல வழி? உதயத்தைப் பார்க்கலாம் என்றால் எங்கள் பள்ளிக்குக் கிழக்கே குன்றுகள் மறைக்கின்றன. கருவியில் உள்ள கடிகாரச் சில்லும் நாள் போகப் போக விலகுகிறது.

ஊத்தங்கரை

உதயத்தை விட்டுவிடுங்கள், நண்பகல் நிழலைப் பாருங்கள். தருமபுரியின் நெட்டாங்கு 78.16, இந்திய நேரத்தின் கோடு 82.5 என்பதால் நம் சராசரி நண்பகல் கடிகாரத்தில் 12.17. அதன்மேல், சூரியனுக்கும் சீரான கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாடாகிய நேரச் சமன்பாடு கூடியும் குறைந்தும் வரும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் உச்சத்தைத் தொடுவது 12.31ஐ ஒட்டி, நவம்பர் தொடக்கத்தில் 12.01. அரை மணி நேர ஊசலாட்டம் என்பதால் மாதம் ஒருமுறை நூல்குண்டின் நிழல் வடக்கு–தெற்குக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்தாலே நிரலின் நலம் தெரிந்துவிடும். அந்தக் கோட்டைத் திசைகாட்டியால் வரையாதீர்கள்; முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் ஒரே நீளமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை இணைத்து, அதற்குச் செங்குத்தாக வரையுங்கள். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் தருமபுரியில் ஏப்ரல் 21, 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் வரும். கிருஷ்ணகிரியில் ஏப்ரலில் அதற்கு ஒரு நாள் பிந்தியும் ஆகஸ்டில் ஒரு நாள் முந்தியும் வரும். இரண்டு ஊர் மாணவர்களும் சேர்ந்து அளந்தால் அட்சரேகை வேறுபாடு கையில் கிடைக்கும்.

கடிகாரச் சில்லுக்கு, வெப்பநிலைத் திருத்தம் உள்ளேயே அமைந்த டி.எஸ்.3231 வாங்குங்கள், ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் விலகும். அதில் இந்திய நேரத்தை ஏற்றாமல் உலக நேரத்தை ஏற்றி, ஐந்தரை மணியைத் திரையில் காட்டும்போது மட்டும் கூட்டுங்கள். காலை ஐந்தரைக்கு முன் தேதி ஒரு நாள் பின்தங்கி இருக்கும் என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.